நான்காம் கேமராவில் அரியமுத்து

வெற்றிச்செல்வி பெரம்பலூரில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்ப்பவள். ஹார்ட் டிஸ்குகளை ஆளும் கார்டுக்கும் லினக்ஸ் இயங்குதளத்துக்கும் நடுவே நின்று பேசும் டிரைவர் நிரலை எழுதுவது அவள் வேலை. அந்தக் கார்டைப் போட்டிருந்த, அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றிலிருந்து புகார் வந்தது. கேமராப் பதிவில் இல்லாத ஆள் தெரிகிறார் என்று எழுதியிருந்தார்கள். பக்கத்து ஊர்தானே என்று அவளையே போகச் சொன்னது கம்பெனி.

பஸ்ஸை விட்டு இறங்கி, லாரிப் புழுதிக்குள் ஆட்டோ பிடித்துச் சேர்ந்தபோது மணி பத்து. கேமராக்களைப் பார்த்துக்கொள்ளும் ரஞ்சித்குமார் அவளை உட்காரவைத்து முந்தின நாள் பதிவை ஓட்டினான். ஓட்டிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

நான்காம் கேமரா. பள்ளத்தின் விளிம்பு, சாயங்கால வெயில், ஆளில்லை. சட்டென்று இரண்டு விநாடி, மஞ்சள் ஹெல்மெட்டும் கழுத்தில் துண்டுமாக ஒருவர் நடந்தார். பிறகு மறுபடி வெறும் விளிம்பு. கற்களின் நிழல் ஒரு பக்கம் விழுந்திருக்க, நடந்தவரின் நிழல் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தது.

"யாருங்க இவரு?"

"அரியமுத்து அண்ணன். செத்து மூணு மாசம் ஆவுது மேடம். அந்த எடத்துலதான் விழுந்தாரு. அந்தப் பக்கம் இப்ப ஒருத்தரும் போவ மாட்டேங்குறாங்க."

"அன்னைக்கு எடுத்த பதிவு இருக்கா?"

"டிஸ்க் கோளாறுங்க. அன்னைக்குப் பதிவே ஆவல."

அவள் மடிக்கணினியை இணைத்து டிரைவரின் ஒவ்வொரு அசைவையும் பதியவிட்டுப் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் பிழை பிடிபட்டது. படத்தை டிஸ்கில் எழுதுவதற்கு, அது மெமரியில் எங்கெங்கே சிதறிக் கிடக்கிறது என்ற முகவரிப் பட்டியலை டிரைவர் கார்டுக்குத் தர வேண்டும். ஒட்டியிருக்கும் முகவரிகளை லினக்ஸ் ஒன்றாகச் சேர்த்துவிடும். பன்னிரண்டு கொடுத்தால் ஒன்பதாகத் திரும்பி வரும். டிரைவர் அதைக் கவனிக்காமல் பன்னிரண்டு என்றே கார்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இல்லாத மூன்றைத் தேடிப்போன கார்டு தடுமாறி, கடைசித் துண்டை எழுதாமலே முடிந்துவிட்டது என்று பதில் சொன்னது. டிஸ்கில் எழுதாத இடத்தில் முன்பு கிடந்த பழைய படமே கிடந்தது.

திருத்தம் இரண்டே வரி. அதை எழுதி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அழித்த பதிவு டிஸ்கை விட்டு உடனே போய்விடாது. மேலே வேறொன்று விழும்வரை கிடக்கும். கிடக்க வேண்டுமென்றால் முதலில் பதிவாகியிருக்க வேண்டும்.

"ரஞ்சித், படத்து மூலையில இருக்குற தேதி அவரு விழுந்த நாளுதானே? அன்னைக்குப் பதிவு ஆயிருக்கு. யாரோ அழிச்சிருக்காங்க."

அவன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான். "நான்தாங்க. மேனேஜர் அழிக்கச் சொன்னாரு. என்ன இருக்குன்னுகூடப் பாக்கல. அரியமுத்து அண்ணன் என்னத் தேடித்தான் வராருன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

அவள் திருத்தத்தைப் போடவில்லை. மேலே எதுவும் விழாதபடி பதிவை நிறுத்தச் சொல்லிவிட்டு, எழுதாமல் விடுபட்ட இடங்களில் கிடந்ததையெல்லாம் திரட்ட ஒரு சின்ன நிரல் எழுதினாள். மத்தியானத்துக்குள் இருபத்து மூன்று துண்டுகள் சேர்ந்தன. படத்தின் மூலையில் இருந்த நேரப்படி அடுக்கி ஓட்டினாள்.

அரியமுத்து விளிம்பில் நின்று சரிவில் ஓடிய வெடிப்பைக் காட்டுகிறார். வெள்ளைச் சட்டை மேனேஜர் கீழே இறங்கும்படி கையசைக்கிறார். அரியமுத்து தலையாட்டி மறுக்கிறார். மேனேஜர் கை மறுபடி உயர்கிறது. இடுப்பில் கயிறில்லாமல் அரியமுத்து இறங்கத் திரும்புகிறார். இருபத்திரண்டாவது துண்டில் நின்று, நிமிர்ந்து, கேமராவைப் பார்க்கிறார். கடைசித் துண்டில் புழுதி மட்டும்.

"நம்மளத்தான் பாக்குறாரு," என்றான் ரஞ்சித்குமார்.

"கேமராவப் பாக்குறாரு." சொல்லிவிட்டாளே தவிர, அவள் கை மௌஸை விட்டு விலகியிருந்தது.

அவளை உலுக்கியது வேறொன்று. எட்டுக் கேமராக்களின் பல மாதப் பதிவுகள் அழிந்து கிடக்கும் டிஸ்க் அது. கிடைத்த இருபத்து மூன்றும் ஒரே கேமரா, ஒரே நாள் காலை, பதினொரு நிமிடத்துக்குள். வேறு நாளின் துண்டு ஒன்றுகூட இல்லை.

அரியமுத்துவின் மனைவி குஞ்சம்மாள் வரதராஜன்பேட்டையில் இருந்தார். பிரதி எடுத்துக்கொண்டு இருவரும் அன்றே போனார்கள். ரஞ்சித்குமார் வாசலிலேயே தான் செய்ததைச் சொல்லிவிட்டான். குஞ்சம்மாள் இருவரையும் உள்ளே வரச் சொன்னார். படத்தைக் கடைசிவரை பார்த்தார்.

"தண்ணி போட்டுட்டு தடுமாறி வுழுந்தாருன்னாங்க," என்றார். "நடையப் பாருங்க. எவ்வளவு நேரா போறாரு."

பிறகு, கணவர் நின்று கேமராவைப் பார்க்கும் இடத்தை மட்டும் இன்னொரு தரம் போடச் சொன்னார்.

மறுநாள் மூவரும் போலீஸில் புகார் கொடுத்தார்கள். ரஞ்சித்குமாருக்கு வேலை போயிற்று. ஆனாலும் வாக்குமூலத்தை மாற்றவில்லை. மேனேஜர் மேல் வழக்குப் பதிவாயிற்று.

சரிசெய்த டிரைவரை அனுப்பும் முன் வெற்றிச்செல்வி அதே பிழையை வேண்டுமென்றே விட்டு, வீட்டில், பழைய கேமராப் பதிவுகள் அழிந்து கிடந்த வேறொரு டிஸ்கில் நூறு முறை ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நாளும் வெவ்வேறு கேமராவும் கலந்து கட்டியே வந்தன. சுரங்கத்து டிஸ்கில் மட்டும் ஏன் அந்த ஒரு நாள் காலையே வந்தது என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினாள். பதிலுக்கான இடத்தில், தெரியவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டாள்.