சகலையின் ஹாரன்

டைல்ஸ் கடை மேனேஜருக்குத் தம் சகலையைக் கண்டால் ஆகாது. மனைவியின் தங்கையைக் கட்டியவர் வெறும் பஸ் டிரைவர். அப்படியிருந்தும் மாமனார் வீட்டில் அவர் பேச்சுக்குத்தான் மதிப்பு என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? மேனேஜருக்கு இருந்த ஒரே ஆறுதல், காலையில் கடைக்குப் போகும் வழியில் சகலையின் பஸ்ஸைத் தம் காரில் முந்திப் போவது. முந்தினால் மட்டும் போதாது, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மாமனார் வீட்டில் கூடும்போது அதைச் சொல்லியும் ஆக வேண்டும். "உங்க பஸ்ஸை இந்த வாரமும் நாலு நாள் தாண்டினேன் சகலை." சகலை சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்.

அந்த ஆறுதலில்தான் மண் விழுந்தது. நெரிசல் தாங்க முடியாமல் நகராட்சிக்காரர்கள் சாலையோரம் நெடுகச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, இனி இதில் பஸ் மட்டும்தான் போகும் என்று பலகை நட்டுவிட்டார்கள். கார்கள் எல்லாம் மிச்சமிருந்த பாதையில் ஒன்றின் முதுகை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன. சிவப்புப் பாதையில் பஸ் வழுக்கிக்கொண்டு போனது. தினமும் எட்டே முக்காலுக்கு, பள்ளிக்கூட வாசல் பக்கம் மேனேஜர் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, சகலை பஸ் வரும். வந்ததும் 'பாம் பாம்' என்று இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போகும்.

'எனக்குத்தான் அடிக்கிறான்' என்று மேனேஜர் முடிவுகட்டிவிட்டார். அந்த ஹாரன் கடையில் டைல்ஸ் எண்ணும்போதும் காதில் கேட்டது, படுத்தாலும் கேட்டது. வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை கிடையாது.

மேனேஜரின் மனைவி ஓர் ஆஸ்பத்திரி லேபில் பதினொரு வருஷமாக ரத்தம் எடுத்து, பரிசோதித்து, ரிப்போர்ட் எழுதுகிறவள். லேப் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அவளுக்குத் தலைமை டெக்னீஷியன் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. நகரத்து நடுவில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில், ஒன்பதரைக்கு. "எங்க வீட்டுக்காரரு பஸ்ஸுல ஏறிக்கோக்கா, இருபது நிமிஷத்துல கொண்டுபோய் விட்டுடுவாரு" என்று தங்கை போன் செய்தாள்.

மேனேஜர் விடுவாரா? "கார் எதுக்கு இருக்கு? நான் கொண்டுபோய் விடுறேன்" என்றார்.

பள்ளிக்கூட வாசலில் எட்டரைக்கு நின்ற கார் எட்டே முக்காலுக்கும் அங்கேயே நின்றது. மனைவி சர்டிபிகேட் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். முப்பது அடி முன்னால் பஸ் ஸ்டாப். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தது.

"நான் இறங்கி பஸ்ஸுல போயிடறேங்க. லாக்கை எடுங்க."

மகள் குழந்தையாக இருந்தபோது பயந்துபோய்ச் செய்துவைத்த ஏற்பாடு அது. எல்லாக் கதவும் மேனேஜரின் கைக்கடியில் இருக்கும் ஒரு பொத்தானுக்குத்தான் கட்டுப்படும். அவர் விரல் பொத்தானுக்குப் போனது. சரியாக அந்த நேரம் 'பாம் பாம்'.

விரல் நின்றுவிட்டது.

"என்னங்க?"

"மாட்டிக்கிச்சு. இரு, வரல."

பொத்தானைச் சுற்றிச் சுற்றித் தடவினாரே தவிர அழுத்தவில்லை. பஸ், ஸ்டாப்பில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போன பிறகு, "அப்பாடா, வந்துடுச்சு" என்று திறந்துவிட்டார். அவள் ஓடினாள். அடுத்த பஸ் வர முக்கால் மணி ஆனது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டு முடித்து, கதவைச் சாத்தியிருந்தார்கள். வேலை வேறு யாருக்கோ போனது.

அவள் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று மட்டும் இரண்டு தரம் ஞாபகப்படுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் ஆரம்பித்தார். "அன்னைக்கு நீ பஸ்ஸுலயே போயிருக்கலாம்மா."

"அவரை ஏம்பா சொல்றீங்க? லாக்கு மாட்டிக்கிச்சு. பாவம், அவரு என்ன பண்ணுவாரு?"

அத்தோடு வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருந்தால் மேனேஜர் தப்பித்திருப்பார். ஆனால் எதிரே சகலை உட்கார்ந்து, மாமியார் இரண்டாம் தரம் பரிமாறுவதை வேண்டாம் வேண்டாம் என்று வாங்கிக்கொண்டிருந்தார். மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பஸ்ஸு போகட்டும், யாரு வேணாம்னா? போறவங்க ஒழுங்கா போகணும். தினமும் என் கார் பக்கத்துல வந்து ஹாரன் அடிச்சுக் காட்டணுமா? அன்னைக்கும் அடிச்சீங்க. அதைக் கேட்டப்புறம் எந்த மானஸ்தன் பொண்டாட்டியை அந்த பஸ்ஸுல ஏத்தி விடுவான்?"

சகலை கை பாதி வழியில் நின்றது. "அண்ணே, அது ஸ்கூல் வாசல். அங்க ரெண்டு தரம் அடிக்காம போகக் கூடாதுன்னு டிப்போவுல ஆர்டர். எல்லா டிரைவரும் அடிப்போம்." கொஞ்சம் தயங்கி, உண்மையாகவே தெரிந்துகொள்கிற ஆவலில் கேட்டார். "நீங்க இன்னும் அந்த வழியாவாண்ணே வர்றீங்க? அந்தக் கூட்டத்துல உங்க கார் எங்க நிக்கும்?"

மேனேஜரின் மனைவி கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் சோற்றைப் பார்த்தார்.

சாயங்காலம் கிளம்பும்போது, சகலை குடும்பத்தோடு தெருமுனை பஸ் ஸ்டாப்புக்கு நடந்துபோய்விட்டார். மேனேஜர் காருக்கு அருகில் வந்ததும் மனைவி கை நீட்டினாள். "சாவி குடுங்க."

கதவைத் திறந்து, வெளியே நின்றபடியே டிரைவர் சீட்டுக்குக் குனிந்து அந்தப் பொத்தானை அழுத்தினாள். நாலு கதவும் டக்கென்று பூட்டிக்கொண்டன. மறுபடி அழுத்தினாள். நாலும் திறந்தன. பூட்டினாள், திறந்தாள். ஏழெட்டுத் தரம் செய்தாள். ஒருதரம்கூட மாட்டவில்லை.

"பதினொரு வருஷமா லேப்ல நின்னேங்க" என்றாள்.

சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள். தங்கைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பஸ் வந்தது, எல்லாரும் ஏறினார்கள். மேனேஜர் காரை எடுத்து அதன் பின்னாலேயே போனார். முதல் சிக்னல் வரைக்கும்தான் பஸ் கண்ணுக்குத் தெரிந்தது.