தவசு நாளில் கேட்ட நான்கு கேள்விகள்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை; தபாலில் வந்தது. "குடியின் கேடு பற்றி ஒரு சிறுகதை தேவை. முடிவில் குடிகாரன் திருந்தலாம், அல்லது சாகலாம், அது தங்கள் சுதந்திரம்" என்று ஒரு சுகாதார மாத இதழ் கேட்டிருந்தது. எழுத்தாளனுக்கு இவ்வளவு சுதந்திரம் கொடுத்த பத்திரிகையை நான் அதுவரை பார்த்ததில்லை.

உதவிக்காக டாக்டர் சுப்புராஜ் எழுதிய கட்டுரை ஒன்றையும் இணைத்திருந்தார்கள்: 'கல்மண்டபத்தில் குடிகாரர் இல்லை: ஓர் ஆய்வு'. சாராயக் கடைகள் சட்டப்படி திறந்த மறுவருடம் அது. டாக்டர் சீமைக்குப் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். சிரங்கு, தலைவலி என்று எதற்காக ஒருவன் டிஸ்பென்சரிக்கு வந்தாலும் அவனிடம் நான்கு கேள்வி கேட்பது. குடி முற்றுமுன் கண்டுபிடிப்பது. இரண்டு நிமிடம் புத்தி சொல்லி அனுப்புவது. இதுதான் திட்டம். நல்ல திட்டம். நான் கேலி செய்யப்போவது அதை அல்ல.

கேட்கப்பட்ட ஆண்களில் அநேகமாக எல்லோரும் "இல்லை" என்றார்களாம். ஆய்வு நடந்தது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். பிறகு சிரித்தேன்.

(கல்மண்டபம் இருக்கும் ராயபுரம் பழக்கமில்லாதவர்களுக்கு: மாதாகோவில் தெருக்களில், விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்ட ஆண் ஈஸ்டர் வரை சாராயத்தைத் தொடமாட்டான். அது தவசு. மீதி வருடம் அவன் என்ன செய்கிறான் என்பது சாம்பலுக்குத் தெரியாது. டாக்டருக்கும்.)

2

தொடக்கங்கள்:

'கடல் சீறிக்கொண்டிருந்தது.' கடலுக்கு இந்தக் கதையில் வேலையில்லை. அடித்தாயிற்று.

'அருள்நாதன் ஒரு குடிகாரன்.' மார்ச் மாதத்தில் இது பொய்.

'அருள்நாதன் குடிகாரன் அல்லன்.' இது டாக்டருடைய வாக்கியம், திருடக் கூடாது.

'அருள்நாதனின் கை ஆடியது.' இது நிற்கிறது. கைதான் நிற்கவில்லை.

அருள்நாதன் துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறவன். கப்பலின் மேல்தளத்தில் நின்று விசையைத் தள்ளினால், மூட்டைகள் கட்டிய வலை கீழே கப்பலின் வயிற்றுக்குள் இறங்கும். அங்கே நின்று மூட்டைகளைப் பிரிப்பவன் ஸ்டானிஸ்லாஸ், அருள்நாதன் மனைவி வியாகுலம்மாளின் தம்பி. தினமும் காலையில் ஒரு கிளாஸ் போட்டுவிட்டுத்தான் அருள்நாதன் விசையைத் தொடுவான். தவசு தொடங்கி கிளாஸ் நின்றது. கை ஆடத் தொடங்கியது. முதல் வாரமே வலை சாய்ந்து இரும்பு விளிம்பில் மோதியது. ஸ்டானிஸ்லாஸ் குதித்துத் தப்பினான்.

"டாக்டரு சரின்னாத்தான் வின்ச்சு. ஈஸ்டரு முடிஞ்சி திங்கக்கெயம வா" என்றார் மேஸ்திரி.

(வியாகுலம்மாளை இந்த இடத்தில் அழவைக்க நினைத்தேன். குடிப்பவன் மனைவி அழவேண்டும் என்பது இதழ்களின் சட்டம். அவள் மறுத்துவிட்டாள். "கிளாஸ் போட்டா கை நிக்கும்யா. கண்ணு நிக்குமா? கீய நிக்கிறது என் தம்பி" என்று புருஷனைத் தள்ளிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போய்விட்டாள். நான் பின்னால் ஓடவேண்டியதாயிற்று.)

3

டாக்டர் அட்டையைப் பார்த்துப் படித்தார். "தாங்கள் மதுபானம் அருந்துவதுண்டா?"

"இல்ல டாக்டரே."

"தவசு நடந்துகினு கீது சார், அதான் இல்லன்றாரு. அதுக்கு முன்னால..." என்று குறுக்கே வந்தாள் வியாகுலம்மாள்.

"நோயாளி மட்டும்தாம்மா பதில் சொல்லணும். குடியைக் குறைக்க வேண்டுமென்று எண்ணியதுண்டா?"

"கொறைக்கிறது இன்னாத்துக்கு? சுத்தமா வுட்டுட்டேனே!"

"தங்கள் குடியைக் குறித்து எவரேனும் குறை கூறுகிறார்களா?"

அருள்நாதன் மனைவியைப் பார்த்தான். "இந்த வாரம் யாரும் வாயத் தொறக்கல சார்."

"காலையில் எழுந்ததும் குடிப்பதுண்டா?"

"காலைல பூசைக்குப் போறேன்."

அட்டையின் கடைசி வரி, குடிக்காதவர்களைப் பாராட்டவும் என்றது. டாக்டர் எழுந்து கை கொடுத்தார். அருள்நாதனின் கை அவர் கைக்குள் கிடுகிடுவென்று ஆடியது. அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு அவரும் சேர்ந்து குலுக்கினார்.

"கை ஆடுது சார்," என்றாள் வியாகுலம்மாள். "அதுக்குத்தான் வந்தோம்."

"பலவீனம். டானிக் தரேன். ரெண்டு வேளை."*

* அந்த டானிக்கில் எத்தனை பங்கு சாராயம் என்று லேபிளில் எறும்பு எழுத்தில் அச்சிட்டிருந்தது. எந்தக் கடையிலும் அதை இவ்வளவு மரியாதையாகக் கரண்டியில் ஊற்றிக் கொடுக்கமாட்டார்கள்.

4

ஒரு கரண்டி. இன்னொரு கரண்டி. பிறகு கரண்டி எதற்கு?

"பாத்தியாமே, கை நின்னுடுச்சி! இன்னா இருந்தாலும் சீமைக்குப் போன டாக்டரு!"

வியாகுலம்மாள் மூடியை முகர்ந்தாள். "யோவ், இது உன் பயய தோஸ்துய்யா. கோட்டு மாட்டிகினு வந்துகீறான்."

அருள்நாதனும் முகர்ந்தான். தவசு முறிந்துபோயிற்று; முகம் செத்துப்போயிற்று. பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு நேராக மாதாகோவில் சாமியாரிடம்...

(சாமியாரைப் பார்த்த காட்சியை எழுதி, அடித்துவிட்டேன். சாமியார் நல்லவர். இந்தக் கதைக்கு ஒரு முட்டாள் போதும். போதாவிட்டால் நான் இருக்கிறேன்.)

சில நாள் கை ஆடியது. வியர்த்தது, தூக்கம் இல்லை. அப்புறம் ஒரு காலை, டீ கிளாஸைப் பிடித்த கை சும்மா இருந்தது. டானிக் இல்லை, சாராயம் இல்லை; கை பாட்டுக்கு நின்றது. அருள்நாதன் அதை யாரோ இன்னொருவன் கையைப் போலப் பார்த்துக்கொண்டே இருந்தான். டீ ஆறிப்போயிற்று.

5

முடிவுகள்.

அவன் திருந்துகிறான். குழந்தைகள் கைதட்டுகின்றன. இதழ் ஆசிரியருக்குப் பிடிக்கும். அருள்நாதனுக்குக் குழந்தைகள் இல்லை.

திங்கட்கிழமை அவன் ஒரு கிளாஸ் போட்டுக்கொண்டு விசையைத் தள்ளுகிறான், வலை சாய்கிறது, கீழே ஸ்டானிஸ்லாஸ்... வேண்டாம். கொல்ல எனக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். மனசைக் கொடுக்கவில்லை.

உண்மையில் என்னிடம் இருப்பது ஒரு சனிக்கிழமை. நாளை ஈஸ்டர். அருள்நாதனும் வியாகுலம்மாளும் மறுபடி டிஸ்பென்சரிக்கு வந்திருக்கிறார்கள். பொண்டாட்டி சொல்லி அவன் கேட்டதில்லை, சாமியார் சொன்னால் ஈஸ்டர் வரைதான் கேட்பான். டாக்டர் சொன்னால் கேட்பான்; டானிக்கைச் சாக்கடையில் கொட்டிய பிறகும் அந்த நம்பிக்கை போகவில்லை. ஆனால் டாக்டர் இல்லை. கல்மண்டபத்தில் குடிகாரரே இல்லை என்ற நற்செய்தியை டாக்டர்கள் கூட்டத்தில் வாசிக்கப் போயிருக்கிறார்.

நாற்காலி காலி. நான் உட்காரமாட்டேன், எனக்கு நீளமாகத்தான் பேச வரும். இங்கே தேவை இரண்டு நிமிடம். வாசகரே, நீங்கள் உட்காருங்கள். அந்த அட்டையை மட்டும் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

அருள்நாதன் முக்காலியில் குந்துகிறான். இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைக்கிறான். ஆடவில்லை.

"மொத வாரம் ஆடுச்சு டாக்டரே. இப்போ ஒண்ணும் குடிக்காமலே நிக்குது. நாளைக்கி ஈஸ்டரு. வூட்ல பாட்டில் வாங்கி வச்சிகீறேன். திங்கக்கெயம வின்ச்ல ஏறணும். குடிக்கலாமா, வோணாமா? ஒரு வார்த்த சொல்லு."

நீங்கள் இன்னும் யோசிக்கிறீர்கள். வியாகுலம்மாள் உங்களையே பார்க்கிறாள்.

"சொல்லேன் சார். வாய்ல இன்னா, கொயுக்கட்டையா?"