ரப்பர் தேய்ந்த ஃப்ரிட்ஜ்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஓயாமல் கேட்கும் அந்த 'பிளாக் மெட்டல்' அலறல் இசை ஆல்பம் அவர் மனைவிக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவது போலிருந்தது. "தகரக் கொட்டகைக்குள்ள பேய் மாட்டிக்கிட்டு கத்துது. இதுல என்னத்தைக் கேக்குறீங்க?"

அவருக்கோ அதுவே உயிர். கிதார், டிரம்ஸ், அலறல் எல்லாம் ஒரே ஆள். தன் சமையலறையில் மலிவான மைக்கை வைத்துப் பதிவு செய்ததாக அட்டையில் எழுதியிருந்தான். இரைச்சல் பனிமூட்டம் போல எல்லாவற்றையும் மூடியிருக்கும். மூன்றாவது பாட்டில் அந்த மூட்டத்துக்கு அடியில் ஏதோ ஒன்று நெடுநேரம் உறுமி, ஓர் உதறலோடு அடங்கும். அந்த இடம் வந்தால் அவருக்கு மயிர்க்கூச்செறியும்.

பதினைந்தாவது முறை கேட்டபோதுதான் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் அந்த ஆளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்: "மூணாவது பாட்டுல உறுமுறது உங்க ஃப்ரிட்ஜ். கம்ப்ரஸருக்கு அடியில இருக்குற ரப்பர் தேஞ்சுபோச்சு. உடனே மாத்துங்க."

ஆறு மாதம் கழித்து நன்றியும் புது ஆல்பமும் வந்தன. ரப்பரை மாற்றிவிட்டானாம். அதே ஆள், அதே அலறல், அதே இரைச்சல். மூன்று முறை கேட்டார். உப்புச்சப்பில்லாமல் இருந்தது.

மறுநாள் மத்தியானம் மனைவி கடைக்கு வந்தாள். ரிப்பேருக்கு வந்திருந்த பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று சுவரோரம் உறுமி உதறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்பீக்கரில் புது ஆல்பம் அலறியது. இரண்டுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார் அவர்.

"அதுக்கு ரப்பர் மாத்தலையா?"

"பாட்டு முடியட்டும்."