பத்து நாள் சட்டம்

ஆவடி தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் தர ஆய்வாளராக இருந்த எத்திராஜ், ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டை ஆய்வு செய்யத் தொடங்கினார். தோசை ஒரு பக்கம் தடித்திருந்தது. கொடியில் சட்டை கோணலாகத் தொங்கியது. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி எழிலரசி, எட்டாம் நாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்: "எங்கயாவது போய் யாருக்காவது உதவி செய்யுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அப்படித்தான் ஸ்டேஷன் பக்கத்திலிருந்த வீடற்றோர் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தார். பொறுப்பாளர் ஆக்னஸ் அம்மாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. "தாராளமா வாங்க சார், உள்ள போங்க" என்றவள் யாரிடமும் அவரை அறிமுகப்படுத்தவில்லை. எத்திராஜ் தினமும் காலை ஆறரைக்கே ஆஜர். தோளில் பழைய பை. பேன்ட் அழுக்காகக் கூடாதென்று அதில் ஒரு கைலி, ஒரு துண்டு.

ஆனால் வேலை மட்டும் கிடைக்கவில்லை. துடைப்பத்தை எடுத்தால், அங்கே தங்கியிருந்த கண்ணம்மா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். கரண்டியைத் தொட்டாலும் அதே கதைதான். "நீ குந்து அண்ணாத்தே" என்று மின்விசிறிக்கு நேர் கீழே பாய் போட்டார்கள். சாப்பாட்டில் முதல் தட்டு அவருக்குத்தான். வீட்டில்தான் வேண்டாதவன் என்றால் இங்கேயுமா? எத்திராஜுக்குச் சுருக்கென்று வலித்தது.

பத்தாம் நாள் பொறுக்க முடியாமல் கண்ணம்மாவிடம் கேட்டேவிட்டார். "என்னைப் பார்த்தா வேலை தெரியாதவன் மாதிரி இருக்காம்மா?"

"யாரு சொன்னா? புச்சா வர்றவங்களுக்குப் பத்து நாளு வேல குடுக்க மாட்டோம். அது நாங்களா வெச்ச சட்டம். நொந்து போய் வர்றவங்க, மொதல்ல துன்னு, தூங்கி, தெம்பாவட்டும். ஆமா, சாயங்காலமானா பையைத் தூக்கிகினு போயிடறியே, எங்க படுக்கற? ஸ்டேஷன்லயா?"

எத்திராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் ரிட்டையர் ஆகி, உதவி செய்ய வந்தவன்மா!"

கண்ணம்மா பரிவோடு தலையாட்டினாள். "மொதல்ல அல்லாரும் அப்டித்தான் சொல்வாங்க. அதோ அந்த லட்சுமணன் ஒரு மாசம் சென்சஸ் எடுக்க வந்ததாத்தான் சொல்லிகினு கீந்தாரு."

மூலையில் லட்சுமணன் வெட்கத்துடன் தலையைச் சொறிந்தார். அந்த நேரம் பார்த்து எத்திராஜின் செல்போன் அடித்தது. திரையில் எழிலரசி. "வீட்டுக்காரி" என்று சொல்லி அவர் காதில் வைப்பதற்குள் கண்ணம்மா பிடுங்கிவிட்டாள்.

"இன்னாம்மா நீ? இத்தினி வருசம் ஒழைச்சிப் போட்ட மனுசன். ரிட்டேர் ஆனதும் தொரத்தி வுட்டுட்டியே, நல்லா கீதா?"

மறுமுனையில் அடக்கமாட்டாத சிரிப்பு. எழிலரசியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "தோசைக்கல்லுகிட்ட வராம இருந்தா சேர்த்துக்கறேன்னு சொல்லுங்கம்மா. அதுவரைக்கும் நல்லா வேலை வாங்குங்க."

"தோசைக்கா தொரத்துனாங்க?" என்று கண்ணம்மா கேட்க, காப்பகமே சிரித்தது. எத்திராஜ் காதுவரை சிவந்தார். நாளை ஆக்னஸ் அம்மாவைக் கூப்பிட்டு, எல்லோர் முன்பும் உண்மையைச் சொல்ல வைத்துவிடுவது என்று முடிவுகட்டினார்.

மறுநாள் ஆறரைக்கு வந்தவர், சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். அன்றன்றைய வேலையை எழுதும் கரும்பலகையில், லட்சுமணன் பெயருக்குக் கீழே, "வெங்காயம் - எத்திராஜ்" என்று இருந்தது. பொடி எழுத்து, கொஞ்சம் கோணல். அவர் அதில் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆக்னஸ் அம்மா இரண்டு முறை குறுக்கே போனாள். அவர் கூப்பிடவில்லை.

கண்ணம்மா வெங்காயக் கூடையோடு வந்தாள். "இன்னா அண்ணாத்தே, ஊட்டுல சேத்துக்கினாங்களா? சேத்துக்கினா சொல்லு, பலகைல பேரை அழிச்சிடறேன்."

காலையில் எழிலரசி கையால் சாப்பிட்ட இரண்டு தோசையும் இன்னும் செரிக்கவில்லை.

"எங்கம்மா, இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டு, எத்திராஜ் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.