பொய்க்கு வளரும் பாய்மரம்

துறைமுகத்தில் விலைக்கு நின்ற அந்தப் பழைய படகில் யார் பொய் சொன்னாலும் அதன் பாய்மரம் ஒரு முழம் வளரும். விற்கிறவனுக்கு அது தெரியும். இந்தத் துறையிலேயே உயரமான படகு என்று பீற்றிக்கொள்வான்.

பாய்மரமும் அதை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளும் கடலுக்குத் தாங்குமா என்று ஏறிப் பார்த்துச் சொல்வது கம்பிக்காரியின் தொழில். அன்று அவளைக் கூப்பிட்டவர் தங்கை புருஷன். அந்த மகானுபாவர் அதுவரை ஓட்டியதில் பெரியது ஒரு கார். அதையும் இரண்டு முறை சுவரில் கொண்டுபோய்ச் சாத்தினார். இப்போது பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு கடலைத் தாண்டப் போகிறாராம். தங்கைக்கு நீச்சலும் கிடையாது, வாயும் கிடையாது. கல்யாணமான நாள்முதல் "ம்" என்பதைத் தவிர அவள் பேசி யாரும் கேட்டதில்லை. படகு தேறாது என்று அக்கா சொன்னால்தான் அவள் உயிர் பிழைக்கும்.

இடுப்புவாரில் தொங்கியபடி கம்பிக்காரி ஏறினாள். கம்பியைப் பஞ்சால் தடவிக்கொண்டே போனால் இழை அறுந்த இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். உச்சியை எட்டுவதற்குள் கம்பி முழுக்கத் தாடி முளைத்திருந்தது. மரத்தில் புதுப் பெயிண்டுக்கு அடியில் விரல் நுழையும் வெடிப்பு வேறு. "பவுடர் பூசின பிணம்டா இது!" என்று கத்தினாள்.

கீழே இரண்டு ஆண்களும் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்கள். "புயலே அடிச்சாலும் அசையாதுங்க," என்றான் விற்கிறவன். ஒரு முழம். "நான் பாக்காத புயலா?" என்றார் மாப்பிள்ளை. இன்னொரு முழம். "இவளுக்குக் கடல்னா உசிரு," என்று தளத்தில் பக்கத்தில் நின்ற பெண்டாட்டியைக் காட்டினார். மரம் ஒரே மூச்சில் நாலு முழம் எழும்பியது. இறங்கும் கயிறு எட்டாமல் போயிற்று. கம்பிகள் விறைத்துப் பட் பட்டென்று தெறித்தன. "வாயை மூடித் தொலைங்கடா, வெக்கங்கெட்டவங்களா!" என்று உச்சியிலிருந்து அவள் அலறினாள். "பாத்தியா, உங்கக்காவுக்குப் படகு பிடிச்சுப்போச்சு," என்றார் மாப்பிள்ளை. அதற்கும் ஒரு முழம். த்தூ, இதுவும் ஒரு ஜென்மம்!

தங்கை உச்சியில் தொங்கும் அக்காவை அண்ணாந்து பார்த்தாள். "எனக்குக் கடல்னா பயம்," என்றாள். இத்தனை நாள் அடக்கி வைத்த உண்மைக்கு மரம் ஒரு முழம் இறங்கியது. "இந்த ஆளோட வாழறது அதைவிடப் பயம். நான் வரல." மரம் சரசரவென்று இறங்கி அக்காவை அவள் பக்கத்தில் விட்டது. இருவரும் படகைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தார்கள்.

மாப்பிள்ளை ரோஷத்தில் படகை வாங்கினார்; விற்றவன் அன்றே கம்பி நீட்டினான். படகு கரையைவிட்டு ஒரு நாளும் நகரவில்லை. மாப்பிள்ளை வருஷக்கணக்காகத் தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தான் தாண்டிய சமுத்திரங்களைப் பற்றி வருகிறவர்களிடம் அளந்துகொண்டிருக்கிறார். தங்கை அக்கா வீட்டில் இருக்கிறாள். இப்போதெல்லாம் சாம்பாரில் உப்பு குறைந்தால்கூடச் சண்டைக்கு வருகிறாள். போன மாதம் விமானங்களுக்கு இடைஞ்சல் என்று பாய்மர உச்சியில் சிவப்பு விளக்கு மாட்ட அதிகாரிகள் கம்பிக்காரியைத் தேடி வந்தார்கள். முழங்கால் வலி, ஏற முடியாது என்றாள். கரையில் நின்று சொன்னதால் மரம் வளரவில்லை.