தாங்காத கோழிகள்

1

இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. பத்திரிகைக்கு ஒரு திருத்தம் அனுப்பினேன். திருத்தம் போட இடமில்லை, கதை இருந்தால் அனுப்புங்கள் என்று ஆசிரியர் பதில் எழுதினார். ஆகவே கதை.

2

முதல் தொடக்கம்: பதுளை நகரில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு...

வேண்டாம். மழை இதற்குப் பொறுப்பல்ல.

இரண்டாவது தொடக்கம்: 1974 பெப்ரவரியில் இதே பத்திரிகையில் நான் ஒரு விஞ்ஞானக் கட்டுரை எழுதினேன். வெளிநாட்டில் கோழிகளைச் சுழலும் கூண்டில் வளர்த்திருந்தார்கள். கூண்டு வேகமாகச் சுற்றினால், புவியீர்ப்பு கூடியதுபோல, கோழியின் எடை இரண்டு மடங்காகும். சில மாதங்களில் அவற்றின் கால் எலும்புகள் தடித்தன. "சுமைதான் எலும்பைச் செய்கிறது" என்று முடித்திருந்தேன். அந்த வரியில் எனக்குப் பெருமை.

3

ரெங்கம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். போன வருடம் கொழுந்துச் சாக்கோடு சரிவில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, கோணலாகக் கூடியிருக்கிறது. (அவளைக் கோபக்காரியாக எழுதிப் பார்த்தேன். அவள் கோபப்படவில்லை. கோபம் என்னுடையது.) வாப்பாவின் புடவைக் கடைக்கு நொண்டி நொண்டி வந்தாள். கையில் என் கட்டுரை, நாலாக மடித்து.

"மொதலாளி, இத எழுதின புள்ள உங்க மகதானாமே?"

"மகள், இஞ்ச வாங்க" என்றார் வாப்பா.

நான் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"தோட்டத்து ஆஸ்பத்திரில லேசு வேலைக்குத் துண்டுச் சீட்டு கேட்டேன், தங்கச்சி. டிஸ்பென்சர் ஐயா இதப் படிச்சுக் காட்டுறாரு. சொம தூக்கத் தூக்க எலும்பு பலமாகுமாம். கொழுந்தெடுக்க மலைக்கே போன்னுட்டாரு."

"அது... கோழிக்கு" என்றேன்.

"கோழிக்குத் தீனி போட்டாங்களா?"

"எந்நேரமும்."

"அப்ப என்னையும் அந்தக் கூண்டுல போடச் சொல்லுங்க. எங்களுக்கு மாவுகூட அளந்துதான்."

வாப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.*

4

* நான் பார்த்து எழுதிய மூலக் கட்டுரையில் ஒரு வாக்கியம் இருந்தது: "தீவனம் எந்நேரமும் கிடைத்தது, தாங்காமல் விழுந்தவை சோதனையிலிருந்து நீக்கப்பட்டன." அதை வெட்டியது ஆசிரியர் அல்ல, நான். என் கடைசி வரியின் அழகை அது கெடுத்தது.

விழுந்தவற்றை எடுத்துவிட்டு, நின்றவற்றை மட்டும் அளந்தால் எல்லா எலும்பும் பலமாகத்தான் இருக்கும். டிஸ்பென்சருக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? ரெங்கம்மாவின் இடுப்புக்குக் கட்டுப் போட்டவரே அவர்தான். முறிந்த எலும்பைக் கையால் தொட்டவர், பார்க்காத கோழியை நம்புகிறார். நம்புவது அவருக்கு வசதி. அந்த வசதியைச் செய்துகொடுத்தவள் நான்.

5

முடிவு ஒன்று: டிஸ்பென்சர் இதைப் படித்து வருந்துகிறார். (எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு இரண்டு: ரெங்கம்மா மறுபடியும் சரிவில்...

எழுத மாட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். விடுபட்ட வாக்கியத்தைக் கடிதமாக எழுதி அவளிடம் கொடுத்தேன். "கையால எழுதினது செல்லாது. பேப்பர்ல வரட்டும்" என்று டிஸ்பென்சர் திருப்பி அனுப்பினார். அதனால்தான் திருத்தம். அதனால்தான் கதை.

டிஸ்பென்சர் ஐயா, பேப்பரில் வந்துவிட்டது. நீங்கள் இந்தப் பத்திரிகையை விடாமல் வாசிப்பவர். முடிவை நான் எழுதப்போவதில்லை. அதற்கான தாள் உங்கள் மேசையில் இருக்கிறது. "லேசு வேலை" என்று இரண்டு சொல், கீழே உங்கள் கையெழுத்து. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூடுமுன் எழுதுங்கள். ரெங்கம்மா உங்கள் வாசலில்தான் நிற்கிறாள். அவளால் அதிக நேரம் நிற்க முடியாது.