மாமனார் கொடுத்த மவுத்பீஸ்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த றிகாஸ் நானாவின் இசைக்கருவிக் கடைக்குள் ரஜீவ் நுழைந்தான். கையிலிருந்த ட்ரம்பெட்டை அவன் விற்கத்தான் கொண்டுவந்திருக்கிறான் என்பது உடன் வந்த மனைவி ஜீவராணிக்கு மட்டுமே தெரியும். பசறையிலிருந்து வந்த வழி முழுக்க அதை அவள்தான் மடியில் வைத்திருந்தாள். ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து சாயங்காலங்களில் வந்த ட்ரம்பெட் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, ஊதுகிறவன் முகத்தைப் பார்க்கும் முன்பே மனத்தைக் கொடுத்தவள் அவள். இந்தக் கருவி போய்விட்டால் வீட்டில் ஒன்றும் குறையாது. அவன் சிரிப்புதான் குறையும். கல்யாணமான பிறகு அதில் பாதி ஏற்கெனவே போய்விட்டது.

“என்ன தம்பி, கருவில ஏதும் பழுதா?” என்றார் றிகாஸ் நானா.

“கருவி நல்லாத்தாங்க இருக்கு. நான்தான் சரியில்ல. மேல் சுரத்துக்குப் போனா சத்தம் உடையுது. இத வித்துட்டு, இனிமே பேண்டுல பெரிய மேளம் அடிக்கலாம்னு இருக்கேன்.”

“ஊதிக் காட்டுங்க. கேக்காம எப்படி வாங்குற?”

ரஜீவ் ஊதினான். பாதி தூரம் ஏறிய சுரம் கரகரத்து நின்றது. அவன் வாயை எடுத்தபோது மேலுதட்டில் சிவப்பாக ஒரு வளையம் பதிந்திருந்தது. நானா எழுந்து வந்து, கருவியின் ஊதும் முனையில் செருகியிருந்த வெள்ளிப்பூச்சு மவுத்பீஸைக் கழற்றி அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“கத்தி மாதிரி ஈக்கிது. கடையில உள்ள இதப் போட்டு ஊதுங்க. கொழப்பம் கருவியிலயா வேற எதுலயான்னு எனக்கும் தெரியோணுமே.”

நானா கொடுத்ததில் விளிம்பு அகலமாக, உருண்டையாக இருந்தது. அதே சுரம் இந்த முறை தடங்கலில்லாமல் மேலே ஏறி நின்றது. வாசலில் போய்க்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். ஜீவராணியின் முகம் மலர்ந்தது.

“அப்ப இதையே வாங்கிருங்களேன்!”

ரஜீவ் அவசரமாக அதைக் கழற்றி மேசைமேல் வைத்தான். “வேணாம் ஜீவா. இது மாமா குடுத்தது” என்று பழையதைக் கையில் எடுத்துக்கொண்டான்.

அவள் அப்பா கணபதிதான் ரஜீவ் ஊதும் கல்யாண ஊர்வல பேண்டின் தலைவர். கல்யாணத்தன்று வெற்றிலைத் தட்டில் வைத்து, சபை பார்க்க, மருமகனுக்கு அதைக் கொடுத்தார். ரஜீவ் அன்றைக்கே தன் பழைய மவுத்பீஸை பேண்டில் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டான்.

“ஒத்துவரலன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?”

“எப்படிச் சொல்றது? ஒங்கப்பா குடுத்தது சரியில்லன்னு சொன்னா நீ என்ன நினைப்ப?”

“ஒதடு வீங்கிப்போயி டீயக் கூட ஒரு பக்கமா உறிஞ்சுறீங்க. நான் கிட்ட வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க. என்னயப் புடிக்காமப் போச்சுன்னு நான் நினைச்சேன்!”

றிகாஸ் நானா திடீரென்று கூரையில் எதையோ உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். ரஜீவின் காது சிவந்தது.

ஜீவராணி அப்போதே அப்பாவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“அப்பா, இவருக்கு ஒரு மவுத்பீஸ் குடுத்தீங்களே...”

“ஆமாம்மா. சாமி படத்துக்கிட்ட வச்சிருக்கீங்களா?”

“அதுலதானேப்பா ஊதுறாரு!”

“அதுலயா? அடியாத்தே! அது வாய அறுக்குமே! நானே ஒரு நாளு ஊதிட்டு ஒழுங்கா சோறு திங்க முடியாமக் கெடந்தேன். வெள்ளியாட்டம் பளபளன்னு இருக்கு, தட்டுல வச்சா அழகா இருக்கும்னு வச்சேன். பண்டாரவளை கல்யாணத்துல மாப்பிள்ள ஊத முடியாமத் தடுமாறுனப்ப, நீதான் என்னமோ மனசு நோகப் பேசிட்டன்னு நினைச்சேன்.”

“அவருகிட்டயே கேட்டிருக்கலாமேப்பா.”

“மாப்பிள்ளகிட்ட அதெல்லாம் எப்படிம்மா கேக்குறது?”

நானா வாய்விட்டுச் சிரித்தார். ரஜீவும் சிரித்தான். உதடு வலித்தும் சிரிப்பை அவனால் நிறுத்த முடியவில்லை.

அதன் பிறகுதான் தேர்வு நிதானமாக நடந்தது. நானா ஒரு டப்பாவைத் திறந்து வைத்தார். ரஜீவ் ஒவ்வொன்றாக உதட்டில் வைத்துப் பார்த்து, விளிம்பு கடித்தவற்றையெல்லாம் தள்ளினான். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்றுக்கு உள்குழி ஆழம். சத்தம் கனிந்து, பால் கோப்பி போலக் கெட்டியாக வந்தது. நானா முதலில் ஊதக் கொடுத்த மற்றதில் குழி ஆழம் குறைவு. சத்தம் தெளிவாக, வெளிச்சமாக வந்தது.

“கடைக்குள்ள எல்லாமே நல்லாத்தான் கேக்கும். நீங்க றோட்டுல மேளத்தோட போறவங்க. வெளிய போயி ஊதுங்க” என்றார் நானா.

ஜீவராணி தெருவைக் கடந்து, எதிர்க்கடை வாசலில் போய் நின்றாள். பஸ் இரைச்சலுக்கு நடுவே ரஜீவ் இரண்டையும் மாற்றி மாற்றி ஊதினான். ஆழமானதை ஊதியபோது அவள் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். அதுதான், அதுவேதான் என்று தலையையும் ஆட்டினாள்.

ரஜீவ் அதைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே நின்றான். அவள் ஓடி வந்தாள்.

“என்னங்க, நல்லால்லையா?”

“நல்லாருக்கு. ஆனா...” அவன் கடைக்குள் ஒருமுறை பார்த்தான், பிறகு அவளை. “ஊர்வலம் முழுக்க இதுல ஊத எனக்கு மூச்சுக் காணாது ஜீவா. மேல போறதுக்குள்ள நெஞ்சு அடைக்குது. மத்ததுதான் எனக்குச் சரி. நீ என்ன சொன்னாலும் சரி, நான் அதத்தான் எடுக்கப்போறேன்.”

“அப்பாடி, இப்பவாவது மனசுல உள்ளத எங்கிட்டச் சொன்னீங்களே” என்றாள் ஜீவராணி. “எடுங்க.”